பச்சை எல்லாம் களிம்பு அல்ல: பழைய வெண்கலத்தில் அறிகுறி பார்த்துப் பிழை பிடிப்பது

கோயில் களஞ்சியத்தில் கிடக்கும் உற்சவமூர்த்தி, பள்ளிக்கூட நூதனசாலை அலுமாரியில் நிற்கும் தூண்டாமணி விளக்கு, வீட்டு லாச்சியில் சீலையில் முடிந்து வைத்த சேது காசு (யாழ்ப்பாண அரசர் காலத்து நந்தி பொறித்த காசு). யாழ்ப்பாணத்தில் இந்த மூன்றுக்கும் வருகிற வருத்தம் பெரும்பாலும் ஒன்றுதான். மண்ணிலும் கிணற்று நீரிலும் உப்பு, காற்றில் எந்நேரமும் ஈரம். ஆனால் வருத்தம் ஒன்றென்று மருந்தும் ஒன்றாகிவிடாது. பச்சையைக் கண்டதும் புளியும் சாம்பலும் எடுத்துத் தேய்ப்பதால் போன வேலைப்பாடு, பச்சையால் போனதை விட அதிகம். ஆகவே முதலில் எந்தப் பச்சை என்று பாருங்கள்.

தொட முதல்

நைத்திரைல் கையுறை, 10 மடங்கு உருப்பெருக்கி வில்லை, சீவிய ஈர்க்கு சில, பஞ்சு சுற்றிய குச்சி, சிறு காந்தம், ஒரு ஈரப்பதன்மானி, வடித்த நீர் வேண்டும். வடித்த நீருக்குப் பெற்றோல் நிலையத்துப் பற்றரித் தண்ணீர் போதும். போத்தலை வாசித்து வாங்குங்கள். பக்கத்திலேயே பற்றரி அசிட்டும் அடுக்கியிருக்கும்.

மலிவான ஈரப்பதன்மானி 5, 10 புள்ளி பிழையாகக் காட்டுவது வழமை. ஒரு மூடியில் கறியுப்பை ஈரமண் பதத்துக்கு நனைத்து, மானியோடு சேர்த்து ஒரு பொலித்தீன் பையில் இறுக்கி 12 மணித்தியாலம் விடுங்கள். 75% காட்ட வேண்டும். 69 காட்டினால் அதன்பின் எந்த வாசிப்போடும் 6 கூட்டிக்கொள்ளலாம். இந்தச் சோதனையை வெண்கலம் இருக்கும் பெட்டிக்குள் மட்டும் செய்யாதீர்கள்.

பிறகு நான்கு பக்கமும் அடியும் படம் எடுங்கள், அளவுகோல் ஒன்றைப் பக்கத்தில் வைத்து. நிறையையும் குறியுங்கள். இரண்டு கிழமை கழித்து "கூடிச்சோ, குறைஞ்சிச்சோ" என்று வாதாட வேறு சாட்சி கிடையாது.

மண்ணுக்குள் இருந்து அண்மையில் கிடைத்த பொருளென்றால் இந்த வழிமுறை உங்களுக்கு அல்ல. 1940ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தொல்பொருட்கள் கட்டளைச் சட்டப்படி அதை அறிவிக்க வேண்டும். ஒட்டியிருக்கும் மண்ணோடு அப்படியே பெட்டியில் வையுங்கள், கழுவ வேண்டாம். கட்டியாக ஒட்டிப்போன காசுகளைத் தேசிக்காய்ப் புளியில் ஊறவிட்டுப் பிரிப்பவர்கள் காசைப் பிரிப்பார்கள். எழுத்தும் நந்தியும் புளியோடு போய்விடும்.

அறிகுறி: வெளிர் பச்சைத் தூள், தட்டினால் உதிர்கிறது

மாரி தொடங்கிச் சில கிழமைக்குள் தெரியும். கரும்பச்சை மேனியில் கடுகளவு, மிளகளவு வட்டங்கள். நிறம் வாழைக் குருத்தைப் போல வெளிர். ஈர்க்கு நுனியால் தட்டினால் அரிசிமா போல உதிரும். உதிர்ந்த இடத்தில் ஒரு சின்னக் குழி. வில்லையை வைத்துக் குழியின் அடியைப் பாருங்கள். சாம்பல் நிறத்தில் மெழுகு போன்ற ஒரு படை தெரிந்தால் வேர் அங்கேதான். இதைத்தான் வெண்கல நோய் என்கிறோம். உள்ளே செம்புக் குளோரைட்டு இருக்கும்வரை, ஈரமும் ஒட்சிசனும் பட்டால் தூளும் அமிலமும் உண்டாகும். அந்த அமிலம் திரும்பவும் செம்பைத் தின்னும்.

ஈர்க்குக்கு அசையாத, கடினமான, ஓரளவு மினுக்கமான கடும்பச்சை நோய் அல்ல. அதற்குக் கீழே குழி இராது. அதை விட்டுவிடுங்கள். நகைக் கோடும் எழுத்தும் பலவேளை அந்தத் தோலில்தான் தங்கியிருக்கும்.

சந்தேகம் இருந்தால் முதலில் கறுப்புத் தாள் சோதனை. உலர்ந்த மென்தூரிகையால் தூளைத் தட்டியெடுத்து, படம் எடுத்து, பொருளைக் கறுப்புத் தாளில் நிறுத்தி மூன்று நாள் ஆடாமல் விடுங்கள். தாளில் மறுபடி பச்சைத் தூள் விழுந்திருந்தால் நோய் நடந்துகொண்டிருக்கிறது.

அடுத்தது வெள்ளி நைத்திரேற்றுச் சோதனை. உயர்தர இரசாயனவியல் ஆய்வுகூடம் உள்ள எந்தப் பள்ளிக்கூடத்திலும் செய்யலாம்.

1. இரண்டு சோதனைக் குழாய்களை வடித்த நீரால் மூன்று தரம் அலசி, ஒவ்வொன்றிலும் 2 மில்லிலீற்றர் வடித்த நீர் விடுங்கள்.
2. ஒன்றில் மட்டும் கடுகளவு தூள்.
3. இரண்டிலும் ஐதான நைத்திரிக் அமிலம் 4 துளி. குமிழி வந்தால் அடங்கும்வரை பொறுங்கள், அது காபனேற்று.
4. இரண்டிலும் 0.1 மோலர் வெள்ளி நைத்திரேற்று 2 துளி.

தூள் உள்ள குழாய் தயிர் திரைந்தது போல வெளுத்து, மற்றது தெளிவாக நின்றால் குளோரைட்டு உண்டு. இரண்டும் வெளுத்தால் உங்கள் நீரோ குழாயோ உப்பு. இங்கே இந்தச் சோதனை பிழைப்பது பெரும்பாலும் இந்த இடத்தில்தான்: யாரோ ஒருவர் குழாயைக் கிணற்று நீரில் கழுவியிருப்பார். நைத்திரிக் கிடைக்கவில்லையென்று ஐதரோகுளோரிக் அமிலம் விடுகிற மாணவரும் உண்டு. அந்த அமிலமே குளோரைட்டு, எதை விட்டாலும் வெளுக்கும். கையுறை கழற்றிய விரலால் தூளை எடுத்தால் வியர்வை உப்பும் சேரும். வெள்ளி நைத்திரேற்று தோலில் பட்டால் கறுத்த கறை நாட்கணக்கில் இருக்கும்.

குளோரைட்டு இருக்கிறது என்பதால் மட்டும் நோய் என்று முடிவு கட்டாதீர்கள். சோளகக் காற்றடிக்கும் மாதங்களில் ஊர்காவற்துறை, காரைநகர்ப் பக்கம் அலுமாரித் தூசியும் இந்தச் சோதனையில் வெளுக்கும். தாளில் தூள் திரும்ப விழுவதும் குழாய் வெளுப்பதும் சேர்ந்து வந்தால்தான் தீர்ப்பு.

எளிய காரணம்: மேலோட்டமான உப்பு. அபிஷேகம் முடிந்து கடைசியாக ஊற்றுவது கிணற்று நீர். அது கைமடிப்பிலும், திருவாசி சொருகும் துளையிலும், பீடத்தின் அடியிலும் தேங்கிக் காயும்போது உப்பை விட்டுப் போகிறது. ஐயரோடு பேசி, கடைசிக் குடத்துக்குப் பிறகு ஒரு லீற்றர் வடித்த நீரை மேலிருந்து மெல்ல ஊற்றச் சொல்லுங்கள். பருத்தித் துணியால் ஒற்றி (தேய்த்து அல்ல), மடிப்புகளுக்கு மின்விசிறி பிடித்து, முழுக்கக் காய்ந்த பின்தான் பட்டு சாத்த வேண்டும். நோய் ஏற்கெனவே பிடித்த மூர்த்திக்கு இது போதாது.

அடுத்த காரணம்: வைத்திருக்கும் இடம். செம்புக் குளோரைட்டு 42 முதல் 46% சாரீரப்பதனுக்கு மேல் வேலை தொடங்கும், 55%ஐத் தாண்டினால் வேகம் பிடிக்கும். யாழ்ப்பாணத்தில் திறந்த அலுமாரி எந்தப் பருவத்திலும் அந்தக் கோட்டுக்குக் கீழே நிற்காது. பொலித்தீனில் இறுக்கிச் சுற்றுவது நிலைமையை மோசமாக்கும். உள்ளே அடைபட்ட ஈரம் இரவில் குளிர்ந்து மேனியிலேயே பனிக்கும்.

செய்ய வேண்டியது ஈரத்தை வாங்குவது. இறுக்கமாக மூடும் பொலித்தீன் அல்லது பொலிபுரொப்பிலீன் பெட்டி எடுங்கள். பீ.வி.சி. வேண்டாம், அது ஐதரோகுளோரிக் அமில ஆவி விடக்கூடியது. பலகைப் பெட்டியும் வேண்டாம். செம்மஞ்சள் நிறம் மாறும் சிலிக்கா ஜெல் வாங்குங்கள். நீல வகையில் நச்சுள்ள கோபாற்று இருக்கிறது. அளவு: பொருளின் நிறைக்கு நிறை. 2 கிலோ விளக்குக்கு 2 கிலோ ஜெல். கண்ணாடிப் பேழை என்றால் கன மீற்றருக்கு 20 கிலோ. ஜெல்லைப் பருத்திப் பையில் கட்டி, பொருளில் முட்டாமல் வைத்து, மானியை வெளியிலிருந்து தெரியும்படி உள்ளே நிறுத்தி மூடுங்கள். 40%க்குக் கீழே இறங்கி அங்கேயே நிற்க வேண்டும்.

இறங்காவிட்டால் மூடி கசிகிறது, அல்லது ஜெல் ஏற்கெனவே குடித்து முடித்துவிட்டது. நிறம் மாறிய ஜெல்லைத் தட்டில் இரண்டு சென்ரிமீற்றர் கனத்துக்குப் பரப்பி, மின் போறணையில் 110 பாகை செல்சியஸில் மூன்று, நான்கு மணித்தியாலம் காய வைத்தால் மறுபடி உழைக்கும். சூட்டைக் கூட்டினால் நிறமூட்டி கருகும், பிறகு ஜெல் எப்போது நிறைந்தது என்று தெரியாது. ஆறும்போது மூடிய தகரத்துக்குள் ஆற விடுங்கள். மாரியில் வெளியே ஆறவிட்டால் ஆற முதலே பாதி ஈரத்தைக் குடித்துவிடும்.

செலவு கூடிய காரணம்: உப்பு உலோகத்துக்குள்ளேயே இருப்பது. புதையலாகவோ கிணறு தூர்த்த இடத்திலோ கிடந்த பொருட்கள் பெரும்பாலும் இப்படி. உலர்த்தினால் நோய் தூங்கும், சாகாது. 40%க்குக் கீழே இரண்டு கிழமை வைத்தும் தாளில் தூள் விழுந்தால், அல்லது குழி முகத்திலோ கல்வெட்டு எழுத்திலோ இருந்தால், பாதுகாப்பு வல்லுநரிடம் போகும் நேரம். அவர் நுணுக்குக்காட்டிக்குக் கீழே குழியைத் துப்புரவாக்கி, எதனோலில் 3% பென்சோதிரையசோல் (செம்பு அரிபடுவதைத் தடுக்கும் சேர்மம்) கரைசலில் ஒரு நாள் அளவு ஊறவிட்டு, கழுவி, மேலே பரலொயிட் (ஒளி ஊடுருவும் அக்கிரிலிக் பிசின்) பூச்சு இடுவார். பென்சோதிரையசோல் நச்சு. புகைக்கூண்டு இல்லாமல் குசினி மேசையில் செய்யக்கூடிய வேலை இல்லை. சோடியம் செசுகிகாபனேற்றில் மாதக்கணக்கில் ஊறப்போடும் பழைய முறை உப்பை எடுக்கும், ஆனால் மேனியின் நிறத்தையும் மாற்றிவிடும். வல்லுநர் அதைச் சொன்னால் ஏன் என்று கேளுங்கள். பூசையில் இருக்கும் மூர்த்திக்குப் பூச்சு இட்டபின் அபிஷேகம் பழையபடி நடக்க முடியாது. இதைப் பரிபாலன சபை முன்கூட்டியே பேசித் தீர்க்க வேண்டும். பாலஸ்தாபன காலம் இதற்கு வசதி.

அறிகுறி: பச்சை, ஆனால் ஒட்டுகிறது

எண்ணெய்க்காப்பு, நெய், சந்தனம் தேங்கிய மடிப்புகளில் நீலப்பச்சை மெழுகு. ஈர்க்கு பட்டால் உதிராது, பதியும். கொழுப்பு அமிலம் செம்போடு சேர்ந்து உண்டான சவர்க்காரம் இது. நோயென்று பயந்து பெருஞ்செலவு செய்பவர்கள் அதிகம்.

சுரண்டிய துணுக்கை மெல்லிய தாளில் வைத்து, அடியில் சூடான இஸ்திரிப் பெட்டியைக் காட்டுங்கள். இளகித் தாளில் எண்ணெய்க் கறை விட்டால் சவர்க்காரம். இளகாமல் தூளாகவே இருந்தால் மேலே உள்ள அறிகுறிக்குத் திரும்புங்கள்.

பஞ்சுக் குச்சியில் மினரல் டர்பன்டைன் தொட்டு உருட்டி எடுங்கள். குச்சி பச்சையானதும் எறிந்து புதிது எடுங்கள். பழையதால் தொடர்ந்தால் பச்சையை மேனி முழுக்கப் பூசியதாக முடியும். யன்னல் திறந்திருக்க வேண்டும், பக்கத்தில் விளக்கோ கற்பூரமோ எரியக்கூடாது. மெழுகு போன பிறகு அடியை வில்லையால் பாருங்கள். சிலவேளை வெளிர் தூள் அங்கே காத்திருக்கும்.

அறிகுறி: கறுத்துப் போகிறது

பஞ்சில் எதனோல் தொட்டு மறைவான ஓரிடத்தில் உருட்டுங்கள். பஞ்சு கறுத்தால் கற்பூரப் புகை. அதே முறையில் கொஞ்சம் கொஞ்சமாக எடுக்கலாம். பஞ்சு வெள்ளையாகவே வந்தால் சல்பைட்டு. இறப்பர் வளையம், கம்பளித் துணி, இறப்பர் ஒட்டிய தாங்கி பக்கத்தில் இருக்கிறதா என்று தேடி அகற்றுங்கள். ஏற்கெனவே வந்த கறுப்பை விடுங்கள், அது கேடு செய்யாது. உலோக மினுக்கிப் பசை ஒவ்வொரு முறையும் ஒரு படை உலோகத்தைக் கொண்டு போகும். கண்ணும் மூக்கும் மழுங்கிய மூர்த்திகள் பல, காலத்தால் அல்ல, வருடாவருட மினுக்கலால் மழுங்கியவை.

அறிகுறி: வெள்ளைப் பூப்பு

மூன்றில் ஒன்று. துணியால் துடைத்துப் போனால் விபூதி. போகாவிட்டால் துணுக்கைக் கண்ணாடித் துண்டில் சுரண்டி, ஒரு துளி வினாகிரி விடுங்கள் (கண்ணாடியில்தான், மேனியில் அல்ல). நுரைத்தால் காபனேற்று. ஆனால் எந்தக் காபனேற்று என்பது முக்கியம். இங்கே நிலம் சுண்ணக்கல், கிணற்று நீர் காய்ந்த இடமெல்லாம் சுண்ணாம்பு படியும். அது அழகுக் குறைவு மட்டுமே. ஈயம் கலந்த வார்ப்பில் புதுப் பிளைவுட் அலுமாரியின் அமில ஆவி பட்டால் ஈயக் காபனேற்று பூக்கும். அதுவும் நுரைக்கும்.

பிரிக்க, நுரை அடங்கிய துளியில் பொற்றாசியம் அயடைட்டு ஒரு துளி. பளிச்சென்ற மஞ்சள் படிந்தால் ஈயம். செம்பும் கலந்திருந்தால் கபில நிறம் வந்து மஞ்சளை மறைக்கும்; பச்சை சேராத சுத்த வெள்ளைத் துணுக்கைத் தேர்ந்து மறுபடி செய்யுங்கள். ஈயமென்றால் ஊத வேண்டாம், வாய்மூடியும் கையுறையும் போட்டு, பொருளை உலோக அலுமாரிக்கு மாற்றுங்கள். மாற்றியும் பூத்தால் வல்லுநர்.

அறிகுறி: இளஞ்சிவப்புத் திட்டு

புளி, தேசிக்காய், அமிலம் தேய்த்ததன் மிச்சம். கரைந்த செம்பு திரும்ப மேற்பரப்பில் படிந்த நிறம் அது. வீட்டில் திருத்த வழியில்லை. அமிலத் தடம் மிஞ்சியிருக்கலாம் என்பதால் வடித்த நீரில் அலசி, உலர்த்தி, உலர் பெட்டியில் வையுங்கள்.

அறிகுறி: செம்மஞ்சள் கறள் வடிகிறது

வெண்கலம் கறள் பிடிக்காது. உள்ளே இரும்பு இருக்கிறது. காந்தத்தை மெல்லிய நூலில் கட்டி மேனியோரமாகத் தொங்கவிட்டு நகர்த்துங்கள், எங்கே இழுபடுகிறது என்று பார்த்துக் குறியுங்கள். பீடத்தில் பிந்திய காலத்தில் முறுக்கிய இரும்பு ஆணி என்றால் அதைக் கழற்றி வெண்கல ஆணி போடலாம், ஆணி தானாகச் சுழன்று வருமென்றால் மட்டும். இழுபடும் இடம் உடலின் நடுவிலென்றால் பொள்ளல் வார்ப்பின் (உள்ளே வெற்றாக வார்த்தது) கருவைத் தாங்கிய கம்பியாக இருக்கலாம். தொடாதீர்கள், உலர வையுங்கள், எக்ஸ்ரே கதிர்ப்படம் பிடிக்கச் சொல்லுங்கள்.

இங்கே ஒரு வீண் செலவைத் தவிர்க்கலாம். மருத்துவமனை எக்ஸ்ரே மெல்லிய தகட்டையும் சில பொள்ளல் வார்ப்புகளையும்தான் ஊடுருவும். கனவார்ப்புத் திருமேனி வெள்ளை நிழலாக மட்டும் விழும், உள்ளே வெடிப்பு உண்டோ இல்லையோ தெரியாது. அதற்குக் கைத்தொழில் வகைக் கதிர்ப்படம் வேண்டும்.

அறிகுறி: எக்ஸ்.ஆர்.எஃப். எண்கள் ஒத்துவரவில்லை

எக்ஸ்.ஆர்.எஃப். என்பது எக்ஸ் கதிர் பட்டு உலோகம் திரும்ப விடும் கதிரைக் கொண்டு கலவையை அளக்கும் கருவி. ஒரே மூர்த்தி, ஒரே கருவி. முழங்காலில் வெள்ளீயம் 9%, தோளில் 24%. கருவி பழுதென்று சொல்ல முதல் இந்த ஒழுங்கில் பாருங்கள்.

கருவியின் முகப்பு சாய்ந்திருந்ததா? வளைந்த இடத்தில் இடைவெளி விட்டால் எண் விழும். தட்டையான இடம் தேடி, ஒரே புள்ளியில் மூன்று தரம், ஒவ்வொன்றும் 60 செக்கனுக்குக் குறையாமல் அளவுங்கள். மூன்றும் ஒத்து, இடத்துக்கிடம் மட்டும் வேறுபட்டால் குற்றம் கருவியில் இல்லை.

மேற்படைதான் அடுத்த சந்தேகம். இந்தக் கதிர் உலோகத்துக்குள் ஆழமாகப் போகாது. நீங்கள் அளப்பது களிம்பை. களிம்பேறும்போது செம்பு வெளியேறி வெள்ளீயம் தங்கிவிடுவதால் அதன் வீதம் பொய்யாக உயரும். மண்ணிலிருந்து வந்த இரும்பும் சேரும். ஈயம் செம்போடு கலவாமல் துளித்துளியாக நிற்பதால் அது இடத்துக்கிடம் மாறுவது இயல்பே.

ஆசனிக் வந்தால் இரண்டு தரம் யோசியுங்கள். ஆசனிக்கின் முதன்மைக் கோடு 10.54, ஈயத்தினது 10.55 கிலோ இலத்திரன் வோல்ற்று. கருவிக்கு இரண்டும் ஒன்றுதான். ஈயம் கூடிய வார்ப்பில் மென்பொருள் சொல்லும் ஆசனிக்கை நிறமாலையில் 11.7 பக்கம் உள்ள மற்றக் கோட்டைப் பார்த்து உறுதி செய்யாமல் அறிக்கையில் எழுதக்கூடாது. குளோரினை இந்தக் கருவியிடம் கேட்கவே வேண்டாம். அதன் மெல்லிய கதிரின் பெரும்பங்கைக் காற்றே விழுங்கிவிடும். எக்ஸ்.ஆர்.எஃப்.இல் குளோரின் இல்லை என்று நோயில்லை என எழுதிய அறிக்கையை விட, பள்ளிக்கூட வெள்ளி நைத்திரேற்றுக் குழாய் நம்பத்தக்கது.

உண்மையான கலவை வேண்டுமென்றால் சுத்த உலோகம் தெரியும் ஓரிடம் வேண்டும்: பீடத்து அடியில் பழைய வெட்டு, உடைந்த விளிம்பு. அப்படி இல்லாவிட்டால் துளையிட்டு மாதிரி எடுப்பதா என்ற முடிவு பொருளின் உரிமையாளரும் தொல்பொருள் திணைக்களமும் சேர்ந்து எடுப்பது, ஆய்வாளர் தனியே எடுப்பதல்ல.

அறிகுறி: பூச்சு பால்போல வெளுத்துவிட்டது

அசற்றோனில் கரைத்த பரலொயிட்டை மழைநாளில் பூசியிருப்பார்கள். அசற்றோன் பறக்கும்போது மேற்பரப்பு குளிரும், காற்று ஈரம் படலத்துக்குள் பனிக்கும். கீழே நோய் இல்லையென்று படங்களோடு ஒப்பிட்டு உறுதி செய்யுங்கள். பிறகு குளிரூட்டிய, ஈரம் குறைந்த அறையில் அசற்றோன் பஞ்சால் பழைய படலத்தை எடுத்துவிட்டு, அதே அறையில் 3 முதல் 5% கரைசலாக இரண்டு மெல்லிய படை போட வேண்டும். பூச்சுக்குள் பச்சைப் புள்ளி தெரிந்தால் மேலே இன்னொரு படை போடாதீர்கள். பொருளை ஜெல் பெட்டிக்குள் வைத்து மூடி, பூச்சு இட்டவரைக் கூப்பிடுங்கள்.